மிஞ்சியவை

1

2022-ல் டெல்லியில் ஒரு குழு உட்கார்ந்து பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்துவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு மாணவர்களின் சுமையைக் குறைக்கிறோம் என்பது சொல்லப்பட்ட காரணம். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் அதுவரை ‘மரபும் பரிணாமமும்’ என்றிருந்த அத்தியாயம் வெறும் ‘மரபு’ ஆயிற்று. 2023 ஏப்ரலில் 1800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்று பதில் வந்தது. இருக்கிறதுதான், பன்னிரண்டில் உயிரியல் எடுத்துக்கொள்பவர்களுக்கு. வணிகவியல் எடுப்பவனும், ஐ.டி.ஐ.க்குப் போகிறவனும், பத்தோடு படிப்பை நிறுத்தித் திருப்பூருக்கு பஸ் ஏறுகிற பெண்ணும் தாங்கள் எப்படி உண்டானோம் என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை என்பதே அந்தப் பதிலின் அர்த்தம்.

பரிணாமம் போயிற்று, மரபு மிஞ்சிற்று. தங்கள் அரசியலுக்கு ஒரு தலைப்பை அவர்களே தேடியிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

தமிழ்நாட்டில் நமக்கு இது சௌகரியமாகப் போயிற்று. கண்டனங்கள் எழுதினோம். நம் மாநிலப் பாடநூலில், 2019-ல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியலில், ‘மரபியல்’ என்று ஒரு பாடமும் அதையடுத்து ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று ஒரு பாடமும் இருக்கின்றன என்று சுட்டிக்காட்டினோம். பெரியார் மண்ணில் டார்வினை யார் தொட முடியும் என்று மார்தட்டிக்கொண்டோம். இந்த மார்தட்டலைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. புத்தகத்தில் இருப்பது வேறு, பிள்ளையின் தலைக்குள் போவது வேறு. டெல்லி செய்ததை எதிர்க்க ஒரு கையெழுத்துப் போதும். நாம் செய்துகொண்டிருப்பதை எதிர்க்க நம் மொழியையும் நம் வீட்டையும் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். அதற்கு நம்மில் பலர் தயாரில்லை.

2

விழுப்புரம் பக்கத்தில் மண்டகப்பட்டு மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயிலால் பெயர் பெற்ற ஊர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஒன்றுமில்லாமல் மூன்று தெய்வங்களுக்கும் கோயில் எடுத்தேன் என்று விசித்திரசித்தன் அங்கே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு மல்லாட்டைக் கொல்லையோரம் நிற்க நேர்ந்தது. மருந்தடிக்கிற டேங்க்கை முதுகிலிருந்து இறக்கி வைத்துவிட்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கூட ஏழாவது படிக்கிற பேரன். செடியில் புரொடீனியா புழு. போன வருஷம் அடித்த மருந்து இந்த வருஷம் கேட்கவில்லை என்றார். ஏன் கேட்கவில்லை என்று விசாரித்தேன்.

“புழு மருந்துக்குப் பழகிப்போச்சுப்பா. சாராயம் பழகற மாதிரிதான்.”

பையனைக் கேட்டேன். “எதிர்ப்பு சக்தி வந்துடுச்சு சார்” என்றான். பள்ளிக்கூடத்துச் சொல், தாத்தா சொன்னதும் இவன் சொன்னதும் ஒன்றுதான். தாத்தா தமிழில் சொன்னதைப் பேரன் பாடநூல் தமிழில் சொன்னான். இதுதான் நாம் கொடுத்திருக்கும் கல்வி.

பெரியவரின் வாக்கியத்தில் லாமார்க் இருக்கிறார். 1809-ல் அவர் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான்: தேவை வருகிறது, உடல் பழகுகிறது, பழகியது பிள்ளைக்குப் போகிறது. ஆனால் எந்தப் புழுவும் பழகவில்லை. பழக அவகாசம் ஏது? மருந்து பட்டது, செத்தது. கொல்லையில் இருந்த ஆயிரக்கணக்கான புழுக்களில் சிலவற்றுக்கு, மருந்து வருவதற்கு முன்பே, உடம்பில் ஏதோ ஒன்று சற்று மாறி அமைந்திருந்தது. விஷத்தைச் சிதைக்கும் நொதி கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம். அதனால் அவற்றுக்கு அதுவரை ஒரு பிரயோஜனமும் இல்லை. மருந்து மற்றவற்றைக் கொன்றது, இவை மிஞ்சின. அடுத்த வருஷத்துப் புழுக்கள் பெரும்பாலும் மிஞ்சியவற்றின் வம்சம். மருந்து ஒரு புழுவையும் மாற்றவில்லை. எவை மிஞ்சும் என்பதைத்தான் மாற்றிற்று.

லூரியாவும் டெல்ப்ரூக்கும் 1943-ல் பாக்டீரியாவை வைத்து நிரூபித்தது இதைத்தான். வைரஸைத் தாங்கும் மாறுதல், வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே, அதைப் பற்றிய எந்தத் தகவலும் இல்லாமல், தற்செயலாக நேர்ந்திருந்தது. வயலிலும் இதே கதைதான். புகையானைத் தாங்கும் என்று சொல்லி 1973-ல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 26 நெல் வந்தது. இரண்டு மூன்று வருஷங்களில் அங்கேயே அதைத் தின்னும் புகையான் பெருகிவிட்டது. யாரும் அதற்குப் பயிற்சி கொடுக்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? ஒரு தாயின் பிள்ளைகள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. வித்தியாசங்களில் சில பெற்றவர்களிடமிருந்து வருகின்றன. பிறந்ததெல்லாம் பிழைப்பதில்லை. இந்த மூன்றும் ஆடு, கோழி வளர்க்கும் வீட்டில் பிறந்த எந்தப் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மீதி கணக்கு: கழித்தது போக மிச்சம், மிச்சத்தின் பெருக்கல். ஆறாம் வகுப்புக் கணக்குக்கு மேல் இதில் எதுவும் இல்லை. இங்கிலாந்தில் 2014-லிருந்து பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கு இது ஆரம்பப் பள்ளிப் பாடம். நாமோ பத்தாம் வகுப்பின் கடைசி மாதங்களுக்கு, பொதுத்தேர்வின் நெருக்கடிக்கு நடுவில் வரும் இரண்டு பாடங்களுக்கு இதை ஒத்திப்போட்டிருக்கிறோம். அதற்குள் ‘பழகிப்போச்சு’ பையனின் எலும்புக்குள் போய்விடுகிறது. பதினைந்து வயதில் படிப்பது தேர்வு வினாவுக்கு விடை. விடை எழுதியதும் பேனாவை மூடுவதுபோல அதையும் மூடிவிடுகிறான்.

ஆசிரியரைக் குற்றம் சொல்வது சுலபம். ஐந்து வகுப்புக்கு மூன்று பேர் இருக்கும் பள்ளியில் டார்வின் எங்கே என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஆசிரியருக்கே யாரும் கழித்தல் கணக்காக இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. அவருக்கும் ஒட்டகச்சிவிங்கியைத்தான் கொடுத்தோம். வயலில் புழுவை வைத்துக்கொண்டு, பார்த்தேயிராத ஒரு பிராணியின் கழுத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது நம் வகுப்பறை. கழுத்தை நீட்டி நீட்டி நீளமாயிற்று என்ற தப்பான பாதி மனசில் நிற்கிறது. அது தப்பு என்று சொல்லும் அடுத்த வரி நிற்பதில்லை. தப்புக்குப் படம் இருக்கிறது. சரிக்கு வரையறை மட்டுந்தான் இருக்கிறது.

3

இப்போது சொற்களுக்கு வருவோம். இது நம் வேலை. ஒரு கவிதையில் ஒரு சொல் இடம் மாறி விழுந்தால் நான்கு பக்கம் எழுதுகிறவர்கள், லட்சக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் ஒரு பிரதியில் சொற்கள் என்ன செய்கின்றன என்று இதுவரை பார்த்ததில்லை.

‘இயற்கைத் தேர்வு.’ நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்குத் தேர்வு என்றால் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு. யாரோ கேள்வி தயாரிக்கிறார், யாரோ திருத்துகிறார், தேறியவன் மேல் வகுப்புக்குப் போகிறான். இந்தச் சொல்லைக் கேட்டதும் இயற்கை ஹெட்மாஸ்டர் ஆகிவிடுகிறது. செத்துப்போனவை ஃபெயில். டார்வினுக்கும் தன் சொல் பற்றிச் சங்கடம் இருந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்குவதானால் இயற்கை ‘தேர்ந்தெடுப்பதாக’ச் சொல்லாமல் ‘பாதுகாப்பதாக’ச் சொல்லியிருப்பேன் என்று 1860-ல் லயலுக்கு எழுதினார். தேர்ந்தெடுத்தல் என்றால் தேர்ந்தெடுப்பவர் ஒருவர் இருப்பதாக ஜனங்கள் நினைக்கிறார்கள் என்று 1866-ல் வாலஸ் எச்சரித்து, ஸ்பென்சரின் தொடரைச் சிபாரிசு செய்தார். 1869-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் டார்வின் அதைச் சேர்த்துக்கொண்டார். ஒரு சங்கடத்துக்குப் பதில் இன்னொன்று.

அந்த இரண்டாவது சங்கடத்தை நாம் ‘தக்கன உயிர் பிழைத்தல்’ என்று தமிழாக்கி மேலும் கெடுத்தோம். தகுதி, தகைமை, தக்கார் என்று ஒழுக்கத்தை அளக்க நாம் காலகாலமாகப் பயன்படுத்திய வேர்ச்சொல் அது. செத்த புழு தகாத புழுவா? மருந்து இல்லாத கொல்லையில் இரண்டும் சமம். சில சமயம் மருந்தைத் தாங்கும் புழு மற்றதைவிட மெதுவாகப் பெருகுவதும் உண்டு. தகுதி புழுவுக்குள் இல்லை. புழுவுக்கும் அந்த வருஷத்து மருந்துக்கும் இடையில் இருக்கிறது. மருந்தை மாற்றினால் தகுதியும் மாறிவிடும். பிழைத்தவன் தகுதியால் பிழைத்தான் என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தால், பண்ணையார் ஏன் பண்ணையார் என்ற கேள்விக்கும் அவன் அதே பதிலை வைத்துக்கொள்வான்.

‘பரிணாம வளர்ச்சி.’ பால் தயிராவதும் பரிணாமம்தான், அதில் வளர்ச்சி ஒன்றுமில்லை. வளர்ச்சியை நாம்தான் ஒட்டினோம். ஒட்டியதும் மேலே, மேலே என்று ஒரு திசை வந்துவிட்டது, உச்சியில் மனிதன் வந்து நின்றுகொண்டான். இலங்கைத் தமிழர்கள் ‘கூர்ப்பு’ என்கிறார்கள். வளர்ச்சியை ஒட்டாத வரைக்கும் நல்லது. நம் தனித்தமிழ்க்காரர்களுக்குக் கூர்ப்பு போதவில்லை, ‘கூர்தலறம்’ என்றார்கள். புழு சாவதிலும் ஒரு அறத்தை நுழைத்தாயிற்று.

‘ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு.’ மெண்டலின் பட்டாணிக்கு நாம் கொடுத்த சொற்கள். 1865-ல் அவர் தன் சோதனைகளைப் படித்துக் காட்டினார், அடுத்த வருஷம் அச்சாயிற்று, 1900 வரை எவரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு காரணிகள் சேரும்போது ஒன்று வெளியில் தெரிகிறது, மற்றது மறைந்திருந்து பேரனிடம் வெளிவருகிறது என்பதுதான் விஷயம். பலம், பலவீனம் என்ற பேச்சே அதில் இல்லை. தமிழிலோ ஒன்று ஓங்கி நிற்கிறது, மற்றது ஒடுங்கி நிற்கிறது. ஊரும் காலனியுமாகப் பிரிந்து கிடக்கும் ஒரு மாவட்டத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் காதில் இந்த இரண்டு சொற்களும் எப்படி விழும் என்று கலைச்சொல் குழு யோசிக்கவில்லை. ஓங்கியதே அதிகம் இருக்கும் என்று பிள்ளை நினைக்கிறான். ஆறு விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகவே வருகிறது. எத்தனை பேருக்கு ஆறு விரல்? ஓ வகை ரத்தம் ஒடுங்கு பண்பு. தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் வகை அதுதான். ‘வெளிப்படும்’, ‘மறையும்’ என்று இரண்டு சாதாரணச் சொற்கள் இருக்கின்றன. சாதாரணச் சொற்கள் நமக்கு என்றைக்குமே போதுவதில்லை.

4

சொற்களின் பின்னால் ஒரு ஏணி இருக்கிறது. அதில் டெல்லிக்காரனும் நாமும் பக்கத்துப் பக்கத்துப் படியில் நிற்கிறோம்.

2018 ஜனவரியில் மத்திய மனிதவள இணை அமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாவதைப் பார்த்ததாக நம் முன்னோர் யாரும் சொல்லவில்லை, எழுதவில்லை, ஆகவே டார்வின் தப்பு என்றார். சிரித்தோம். 2019 ஜனவரியில் ஜலந்தரில் நடந்த இந்திய விஞ்ஞான காங்கிரஸில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தர், தசாவதாரம் டார்வினைவிட மேலான கொள்கை என்றார். இன்னும் சத்தமாகச் சிரித்தோம். மீன், ஆமை, பன்றி, பாதிச் சிங்கம், குள்ளன் என்று படிப்படியாக ஏறி ராமனிடம் போய் நிற்கும் அந்த வரிசை சிரிப்புக்குரியதுதான்.

ஆனால் அதே ஆட்கள் நம் தமிழ் மேடையில் ஏறி, ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களைப் பகுத்த தொல்காப்பியர் டார்வினுக்கு முன்னோடி என்றால் கை தட்டுகிறோம். திருவாசகத்தின் முதல் பாட்டில் பரிணாமம் முழுவதும் இருக்கிறது என்று பட்டிமன்றத்தில் சொன்னால் கண் கலங்குகிறோம். அங்கே ஆமை, இங்கே புல், இதைத் தவிர என்ன வித்தியாசம்? தொல்காப்பியத்தின் வகைப்பாடு நேர்த்தியானது. உயிர்களைப் புலன்களால் பிரித்துப் பார்த்த ஒரு கூர்மையான கண் அதில் இருக்கிறது. அதை அதுவாகவே கொண்டாடலாம். ஆனால் அது அசையாத படிக்கட்டு. ஓரறிவு ஈரறிவாக மாறுவதாக அதில் எங்கும் இல்லை. மாறும் என்று அவர் சொல்ல வரவுமில்லை. பிறவிதோறும் வேறு உடல் எடுப்பதும் ஆன்மாவின் யாத்திரை, இனங்களின் வரலாறு அல்ல. டார்வின் செய்த காரியம் ஏணியை உடைத்தது. அவர் போட்ட படம் மரம்; கிளைக்கும், பட்டுப்போகும், எந்தக் கிளையும் உச்சியில்லை. ஏணியை வைத்துக்கொண்டு மரத்தை நாங்கள்தான் முதலில் நட்டோம் என்பது பம்மாத்து.

அந்த ஆறறிவு வரிசை தொல்காப்பியத்தில் எந்த இயலில் வருகிறது? மரபியலில். பத்தாம் வகுப்பில் மெண்டல் பாடத்துக்கு நாம் வைத்த பெயரும் மரபியல். தொல்காப்பிய மரபியலில்தான் அந்தணர், அரசர், வணிகர், வேளாளர் என்ற நான்கு பிரிவும் அவரவர்க்கு உரியதும் சொல்லப்படுகின்றன. பிற்காலத்தில் செருகியது என்று வாதிடுவோர் உண்டு, இருக்கட்டும். இன்னின்னாருக்கு இன்னின்னது உரியது என்று வகுப்பதே அங்கே மரபு. மெண்டல் பாடத்தில் மரபு என்றால் சீட்டைக் குலுக்குவதுபோல ஒவ்வொரு பிறப்பிலும் புதிதாகக் கலைந்து சேர்வது. ஒரே சொல், நேர் எதிரான இரண்டு அர்த்தம். வீட்டில் ‘நம்ம மரபு’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வகுப்பறையில் எந்த அர்த்தம் முதலில் வரும்?

ஏணியின் இன்னொரு படி, முதல் மனிதன் தமிழன் என்பது. சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகள் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011-ல் சாந்தி பாப்புவும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். மேடைகளில் உடனே மீசை முறுக்கல். நம் இனத்தின், ஹோமோ சேப்பியன்ஸின், இதுவரை கிடைத்த மிகப் பழைய எலும்பு ஆப்பிரிக்காவில் சுமார் 3 லட்சம் வருஷத்துக்கு முந்தியது. அந்தக் கோடரியைச் செதுக்கியவன் தமிழனில்லை, இந்தியனில்லை, நம் இனத்து மனிதனே இல்லை. இதைக் கேட்டு ஒரு பிள்ளைக்கு வரும் திகைப்பு, மீசை முறுக்குவதைவிட நூறு மடங்கு பெறுமானம் உள்ளது. அந்தத் திகைப்பைத்தான் நாம் பறித்துக்கொள்கிறோம்.

5

கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மண்டகப்பட்டுப் பையனுக்கு கலாபகோஸ் தேவையில்லை.

அவன் தாத்தா விதைக்கும் மல்லாட்டை தென்னமெரிக்காவில் தோன்றியது. மணிலா என்ற பெயரைச் சுமந்து வந்து இந்தப் பக்கத்து நாக்கில் மல்லாட்டை ஆயிற்று. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்தியா முழுக்க விவசாயிகளுக்குத் தெரிந்த டி.எம்.வி. என்ற மூன்றெழுத்து திண்டிவனம்தான். டி.எம்.வி. 2 என்ற கடலை 1940-ல் வெளிவந்தது. குடியாத்தம் கொத்து ரகத்திலிருந்து நல்ல செடிகளாகப் பொறுக்கிப் பொறுக்கி உண்டாக்கியது. டார்வினின் புத்தகமும் இங்கேதான் தொடங்குகிறது. முதல் அத்தியாயம் குரங்கைப் பற்றியதல்ல, வளர்ப்புப் புறாவையும் பயிர்களையும் பற்றியது. மனிதன் பொறுக்கினால் இவ்வளவு மாறுகிறது. பொறுக்க ஆளே இல்லாதபோது சாவும் பசியும் பூச்சியும் மழையும் அதே காரியத்தைச் செய்யாதா என்பது அவர் கேள்வி. விதைக்கு எடுத்து வைக்கும் பாட்டிக்கு முதல் பாதி தெரியும். இரண்டாம் பாதியைச் சொல்லத்தான் பள்ளிக்கூடம்.

அதே மாவட்டத்தில் திருவக்கரை. மரம் கல்லாகிக் கிடக்கும் இடம். 1781-லேயே சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் பார்த்து எழுதியது. வயது ஏறக்குறைய 2 கோடி வருஷம். கிளை இல்லை, வேர் இல்லை, பட்டை இல்லை. வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிவந்து மண்ணில் புதைத்தது என்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பாடநூல் இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. மரமே இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று பெருமைப்பட்ட அரசனின் குகையைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம், 1400 வருஷத்துப் பழமை என்று வாய் பிளக்கிறோம். ஒரு பஸ் பிரயாண தூரத்தில் மரமே கல்லான இடம் இருக்கிறது. அந்த 1400-ஐ ஒரு சாண் என்று வைத்தால் இந்த 2 கோடி மூன்று கிலோமீட்டருக்கு மேல் போகும். இந்தக் கணக்கை ஏழாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் போட்டுவிடும். காலம் எவ்வளவு நீளம் என்று தெரியாதவனுக்குப் பரிணாமம் மந்திர வித்தை. தெரிந்தவனுக்கு அது ஆச்சரியமே தராத விளைவு.

ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-ல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கு வந்து, இந்தியப் பிரஜையாகி, 1964-ல் புவனேஸ்வரில் இறந்தார். காசு பணம் வேண்டாம், கருவி வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும், இந்தியாவில் உயிரியல் செய்யலாம் என்று காட்டினார். அவரோடு வேலை செய்த டி.ஏ. டேவிஸ் தென்னை மரங்களை எண்ணினார். தென்னையில் ஓலை இடப்பக்கம் சுழன்று ஏறும் மரமும் உண்டு, வலப்பக்கம் சுழன்று ஏறும் மரமும் உண்டு. இடச்சுழி மரத்தின் பிள்ளை இடச்சுழிதானா? இல்லை, ஏறக்குறைய பாதிக்குப் பாதி. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தும் அது மரபில் வரவில்லை. எல்லா வித்தியாசமும் ரத்தத்தில் வருவதல்ல என்ற பெரிய பாடத்தை ஒரு தென்னந்தோப்பு பத்து நிமிஷத்தில் நடத்திவிடும்.

நாம் என்ன பயிற்சி கொடுக்கிறோம்? நாக்கைச் சுருட்டு. சுருட்ட முடிந்தால் ஓங்கு, முடியாவிட்டால் ஒடுங்கு. அப்பா அம்மா இரண்டு பேரும் சுருட்ட மாட்டார்கள், பிள்ளை சுருட்டுகிறது என்றால் வகுப்பில் எழும் சிரிப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இதை 1940-ல் எழுதியவர் ஸ்டர்டிவன்ட். ஒத்த இரட்டையரில் ஒருவர் சுருட்ட, மற்றவருக்கு முடியாமல் போவது உண்டு என்று 1952-லேயே தெரிந்துவிட்டது. தன் பழைய முடிவு இன்னும் பாடப்புத்தகங்களில் திரிவது வெட்கமாக இருக்கிறது என்று பின்னால் அவரே எழுதினார். அந்த வெட்கம் இன்னும் நம் வகுப்பறைகளுக்கு வந்து சேரவில்லை.

6

இவ்வளவு எளிதான விஷயம் ஏன் நடக்கவில்லை? பிள்ளைகளுக்குப் புரியாது என்பது வெளியில் சொல்லும் காரணம். கடவுள் கோபிப்பார் என்பது நம்மூரில் உண்மையான காரணமே இல்லை. நம் சாமிகள் டார்வினைக் கண்டுகொள்வதில்லை. திருவக்கரைக் கல்மரங்களை அசுரனின் எலும்பு என்று சொல்லும் பாட்டி, விஞ்ஞானி வந்து மரம் என்றால் அதையும் கேட்டுக்கொள்வாள். பயம் வேறு இடத்தில் இருக்கிறது.

மரபணுவை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தால் பிள்ளை இரண்டு கேள்வி கேட்கும். முதல் கேள்வி: அப்படியென்றால் சாதி? ரத்தம், வம்சம், பிறவிக் குணம் என்று ஊர் பேசும் மொழி முழுவதும் மரபியலின் வேஷத்தில்தான் திரிகிறது. மனிதக் குலத்தின் மரபு வேற்றுமையில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று 1972-ல் லெவன்டின் கணக்குப் போட்டார். இந்தியாவில் இன்று தனித்தனியாக நிற்கும் கூட்டங்கள் ஏறக்குறைய 4200 முதல் 1900 வருஷங்களுக்கு முன்வரை தாராளமாகக் கலந்தன, பிறகுதான் அகமணம் இறுகியது என்று குமாரசாமி தங்கராஜும் ரைக்கும் மற்றவர்களும் 2013-ல் எழுதினார்கள். திருவக்கரை மரத்தின் வயதுக்குப் பக்கத்தில் இது நேற்றுச் சாயந்தரம். அநாதி என்று சொல்லும் மரபுக்கு வயது இவ்வளவுதான்.

இதனால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. சாதி நிலத்திலும் சுடுகாட்டிலும் பெண்ணின் கல்யாணத்திலும் இருக்கிறது, குரோமசோமில் இல்லை. விஞ்ஞானமும் யோக்கியமாகவே இருந்ததில்லை. டார்வினின் உறவினர் கால்டன்தான் 1883-ல் நல்ல வம்சம் வளர்க்கும் இயலுக்கு யூஜெனிக்ஸ் என்று பெயர் சூட்டினார், அதன் பெயரால் அமெரிக்காவும் ஜெர்மனியும் செய்த அக்கிரமங்கள் தெரிந்தவை. அதனால்தான் அரைகுறையாகச் சொல்லிக்கொடுப்பது ஆபத்து. ‘தக்கன பிழைக்கும், ஓங்கு வெளிப்படும், மரபு தொடரும்’ என்ற மூன்று வாக்கியத்தோடு ஒரு பிள்ளை பள்ளியைவிட்டுப் போனால், அவனுக்கு நாம் கொடுத்தது டார்வினில்லை. விஞ்ஞான முத்திரை குத்திய சாதி.

இரண்டாவது கேள்வி வீட்டுக்குள் வரும். தாய்மாமனுக்கு அக்கா மகளைக் கொடுக்கும் கல்யாணம் நம்மிடையே இன்னும் உண்டு. அதில் பிறக்கும் பிள்ளைக்கு ஒரு காரணியின் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்தில் பதினாறில் ஒரு பங்கு. மறைந்திருக்கும் நோய் வெளிவர அது வழி. வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் சிலர் அப்படிப் பிறந்தவர்கள். ஆகவே ஆசிரியர் தயங்குகிறார். தயக்கம் நியாயமானது. யாருடைய அம்மாவையும் கரும்பலகையில் வரையத் தேவையில்லை. வாய்ப்பு வேறு, விதி வேறு என்று சொல்லலாம். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கிறார்கள் என்று சொல்லலாம். ஆனால் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு இது தெரிய வேண்டும். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் அவளுக்கு நிச்சயம் பண்ணிவிடும் வீடுகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பில் பாடம் வைத்திருக்கிறோமே என்று அவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

7

டெல்லி பரிணாமத்தை வெட்டி மரபை வைத்தது. நாம் பரிணாமத்தை வைத்துக்கொண்டு அதையும் மரபாக்கினோம். முதலாவது தெரிந்து செய்த காரியம். இரண்டாவது பழக்கம், அதனால் களைவது கடினம்.

வேண்டியவை சில. இயற்கையின் இந்தக் கழித்தல் கணக்கை ஆறாம், ஏழாம் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். ஒட்டகச்சிவிங்கி போகட்டும், புழு வரட்டும். தேர்வு, தக்கன, ஓங்கு, ஒடுங்கு, வளர்ச்சி ஆகிய சொற்களை வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால், அவை எப்படி ஏமாற்றும் என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். கலைச்சொல் குழுவில் கவிதை தெரிந்தவர்கள் உட்கார வேண்டும். உட்காரக் கூப்பிடாவிட்டால் வெளியில் நின்று கத்த வேண்டும். பாடநூல் விமர்சனம் நம்மைப் போன்ற பத்திரிகைகளுக்குக் கௌரவக் குறைவு என்று நினைக்கும் வரை, தமிழின் மிகப் பெரிய வாசகர் கூட்டத்தை நாம் யாரோ ஒருவரிடம் விட்டுவைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

கொல்லையோரத்தில் அந்தப் பையனிடம் கணக்கைச் சொன்னேன். செத்தது போக மிச்சம், மிச்சத்தின் பிள்ளைகள். கொஞ்ச நேரம் யோசித்தான். “அப்போ புழு ஒண்ணுமே பண்ணலையா சார்? நாமதான் பண்ணோமா?” என்றான். பெரியவர் டேங்க்கைப் பார்த்தார். பிறகு அதை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டார். வேறு வழி அவருக்கு இல்லை. பையனுக்கு ஒருவேளை இருக்கலாம். நாம் அவனுக்கு எந்த வகுப்பில், எந்தச் சொற்களில் சொல்லப்போகிறோம் என்பதைப் பொறுத்தது அது.